கேட்காமல் நடந்த வழி

செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லேபில் வேலை செய்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் சிறுநீர், மலம், சளி என்று டப்பா டப்பாவாக வந்து மேசையில் உட்காரும். திறந்து, தொட்டு, கண்ணாடியில் தேய்த்துப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு டீ குடிப்பேன். எனக்கு அருவருப்பு வருவது கஷ்டம். கூட வேலை செய்கிற பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு, ஒரு வழித் தகராறு வழக்கில் மதுராந்தகம் முன்சீப் கோர்ட்டின் வராண்டாவில் நின்றபோது வாந்தி வந்தது. நிஜமாகவே ஓரமாகப் போய் எடுத்தேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா இருப்பது செய்யூர் பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் ஒரு சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் எங்கள் காலனி. தோப்பின் வடக்கு ஓரமாக, இரண்டு பேர் ஒட்டி நடக்கிற அகலத்தில் ஒரு வழி. நான் பள்ளிக்குப் போனது, அம்மா வேலைக்குப் போனது, காலனியில் கல்யாணமாகி வந்தவர்களும் செத்துப் போனவர்களும் கடந்தது எல்லாம் அதில்தான். யாரும் அதைப் பாதை என்றுகூடச் சொன்னதில்லை. "தோப்பாண்ட வந்துகினு கீறேன்" என்றால் போதும். இன்னொரு வழியும் உண்டு, ஏரிக்கரையைச் சுற்றி. மழைக்காலத்தில் முழங்கால் வரைக்கும் சேறு, மற்ற நாட்களில் முள்.

தோப்பு ஒரு பெரியவருடையது. அப்பாவும் அம்மாவும் அவரிடம்தான் சவுக்கு வெட்டினார்கள், வேர்க்கடலை பிடுங்கினார்கள். அவரை அம்மா 'ஆண்டே' என்று, அடிமை எசமானைக் கூப்பிடுகிற மாதிரி, கூப்பிடுவார். காலனியின் பழைய ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொல் காதில் விழுந்தால் உடம்பு கூசும். பெரியவர் போய்ச் சேர்ந்தபிறகு அவருடைய மகன் சென்னையிலிருந்து திரும்பி வந்தார். சாலை ஓரமாக இருந்த சவுக்கை வெட்டிவிட்டு ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டினார். நீச்சல் குளம், கீற்றுக் குடிசை மாதிரி ஏசி அறைகள். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கார்கள் வரும், பொத்தேரியிலிருந்து கல்லூரி மாணவர்கள் பைக்குகளில் வருவார்கள். மாமல்லபுரம் போகிற கூட்டத்தில் ஒரு பங்கை அவர் மடக்கிக்கொண்டார். அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. எங்கள் காலனிப் பெண்கள் சிலருக்கு அங்கே அறை துடைக்கிற வேலை கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் போனேன். வழி தொடங்குகிற இடத்தில் புதிதாக ஓர் இரும்பு கேட். அதன் தூணில் ஒரு கேமரா. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தவர் எங்கள் காலனிக்காரர்தான். எனக்குச் சித்தப்பா முறை.

"இன்னா சித்தப்பா இது?"

"கேட்டு போட்டுகீறாங்கம்மா. யாரையும் வுட மாட்டேன்னு சொல்லல. ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவணும், அவ்ளோதான்."

"இன்னான்னு கேக்கணும்?"

"'போவட்டுமா'ன்னு. இந்தக் கேமராவப் பாத்து கேட்டா போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கேமராவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கேட்பது போல, "போகட்டுமா?" என்றேன். சித்தப்பா கேட்டைத் திறந்தார். அவர் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாள் அப்படியே போனது. பிறகு, பார்ட்டி இருக்கிறது, விருந்தாளிகளுக்குத் தொந்தரவு என்று சனி ஞாயிறுகளில் கேட்டைப் பூட்ட ஆரம்பித்தார்கள். காலனியிலிருந்து சிலர் தோப்புக்காரரைப் பார்க்கப் போனோம். மகனுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அதுதான். நீச்சல் குளத்தின் ஓரத்தில் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களை உட்காரச் சொன்னார், ஆனால் நாற்காலி இல்லை.

"நான் எங்கம்மா வழிய அடைச்சேன்? கேட்டா தொறந்து விடறாங்க. எங்க அப்பா உங்க மேல இரக்கப்பட்டு விட்ட வழி. நானும் விடறேன். வாரத்துல ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணக் கூடாதா?"

அந்த 'இரக்கப்பட்டு' என்ற சொல்லை அவர் தற்செயலாகச் சொன்னதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு அம்மா சபைக்குக் கிளம்பியபோது கேட் பூட்டியிருந்தது. சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, சாவி தன்னிடம் இல்லை என்றிருக்கிறார். அம்மா ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போய், சேற்றில் வழுக்கி விழுந்து, இடுப்பு வரைக்கும் நனைந்த வெள்ளைப் புடவையோடு சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிவிட்டு வந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் கேட்டதற்கு, "ஒண்ணியும் இல்ல, அடி பட்டுகீது, அவ்ளோதான்" என்றார். அந்த வாரமே வக்கீலைப் பார்த்தேன்.

வக்கீல் அம்மாள் என் வயதுதான் இருப்பார். செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் அவருடைய அலுவலகம். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு முதலில் சர்வே வரைபடத்தைப் பார்த்தார். அதில் வழி கிடையாது. தோப்பு முழுக்கப் பெரியவர் பேரில் பட்டா.

"அப்ப பழகி வந்த பாத்தியதைன்னுதான் கேக்கணும்" என்றார். "அடுத்தவர் நிலத்துல நடந்து நடந்தே வர்ற உரிமை. இருபது வருஷத்துக்குக் குறையாம நடந்திருக்கணும். ஒளிஞ்சு மறைஞ்சு இல்லாம, எல்லாருக்கும் தெரியற மாதிரி. அடிதடி இல்லாம அமைதியா. நடுவுல யாராவது வழிய அடைச்சு, நீங்களும் ஒரு வருஷம் பொறுத்துக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாது. இப்ப அடைச்சதுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும். இதெல்லாம் உங்களுக்கு சரியா இருக்கு. இன்னும் ஒண்ணு இருக்கு. முக்காவாசி கேஸ் அதுலதான் விழும்."

"என்ன மேடம்?"

"உரிமைன்னு நடந்திருக்கணும். அனுமதி வாங்கி நடந்திருக்கக் கூடாது. நிலத்துக்காரர் நல்ல மனசோட 'போங்கம்மா, பரவால்ல'ன்னு சொல்லி, நீங்க 'சரிங்கய்யா'ன்னு நடந்திருந்தா, நூறு வருஷம் நடந்தாலும் அது வெறும் அனுமதி. அவருக்கு வேணாம்னு தோணுற அன்னைக்கு நிறுத்திக்கலாம். இப்ப புரியுதா, எதுக்கு கேமராவப் பாத்து 'போவட்டுமா'ன்னு கேக்கச் சொல்றாருன்னு?"

புரிந்தது. காதுமடல் சூடாகிவிட்டது.

"ஏரிக்கரை வழி ரொம்ப மோசம் மேடம். இது இல்லாம முடியாது. அப்படிக் கேக்க முடியாதா?"

"முடியாது. அது வேற பாத்தியதை. ரெண்டு நிலமும் ஒரு காலத்துல ஒரே கையில இருந்து பிரிஞ்சிருக்கணும், வேற வழியே இருக்கக் கூடாது. ஏரிக்கரை கஷ்டமான வழின்னா சட்டத்துக்கு அதுவும் வழிதான்."

கிளம்பும்போது சொன்னார்: "அம்மாகிட்ட சொல்லுங்க, இனிமே யாரையும் கேக்க வேணாம். திறந்திருந்தா நடங்க. பூட்டியிருந்தா ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. கெஞ்சாதீங்க."

அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு அது விளங்கவே இல்லை. "மனுசன் நின்னுகினு கீறப்ப, ஒரு வார்த்த சொல்லாம எப்டிடி தாண்டிப் போறது? மாடா நானு?" என்றார். மரியாதையாக நடந்துகொண்டால் உரிமை போய்விடும், மரியாதை இல்லாமல் நடந்தால் உரிமை வரும் என்பதை எழுபதை நெருங்குகிற ஒரு பெண்ணிடம் எப்படி விளக்குவது? விளக்க முயன்றேன். சொல்லச் சொல்ல என் வாயே எனக்குப் பிடிக்கவில்லை.

காலனியில் எல்லோரும் வழக்கில் சேரவில்லை. கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்த வீடுகள் ஒதுங்கிக்கொண்டன. அம்மாவும் இன்னும் சில குடும்பங்களும் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா முதல் வாதி.

வழியைப் பார்வையிட்டு அறிக்கை கொடுக்க கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது. அவர் வருகிறார் என்று தெரிந்ததும் முதல் நாள் தோப்புக்காரர் டிராக்டரை விட்டு வழி முழுவதையும் உழுதுவிட்டார். பாதையே இல்லை, பாருங்கள் என்று காட்டுவதற்காக. கமிஷனர் இளைஞர்தான், ஷூவோடு மண்ணில் இறங்கி நின்று பார்த்தார். இரண்டு பக்கமும் கலப்பை பட்ட மண் மாவு போல உதிர்ந்து கிடந்தது. நடந்து நடந்து இறுகிய இடம் மட்டும் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, ஒரு நீண்ட தழும்பு மாதிரி சாலையிலிருந்து காலனி வரை தெரிந்தது. அழிக்கப் போய் எடுத்துக் காட்டிவிட்டார். கமிஷனர் படம் எடுத்துக்கொண்டார். தோப்புக்காரர் அவருக்கு இளநீர் வெட்டச் சொன்னார். அவர் வேண்டாம் என்றார். அன்று எனக்கு அவரை மிகவும் பிடித்தது.

விசாரணைக்கு வந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு லேப்டாப்பைத் திறந்தார். கேட்டின் கேமரா பதிவுகளை வெட்டி ஒட்டி ஒரே படமாக்கி வைத்திருந்தார்கள். நூறு நாள் வேலைக்குத் தூக்குச்சட்டியோடு போகிற பெண், "போவட்டுமா?" பால் வாங்க வந்த ஆள், "போவட்டுமா சார்?" யாரோ ஒருவர் தலையில் இருந்த துண்டை எடுத்துவிட்டு. யாரோ கைக்குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தலையைத் தூக்கி அந்தக் கண்ணாடிக் குமிழைப் பார்த்துக் கேட்கிறார்கள். நடுவில் நான். பல்லைக் காட்டிக்கொண்டு, "போகட்டுமா?" அதற்கப்புறம் அம்மா. அம்மா இடுப்பை வளைத்து, கேமராவுக்குக் கும்பிடு போட்டு, "போவட்டுமா ஆண்டே?" என்று கேட்டார்.

தோப்புக்காரரின் கேட்டில் அம்மா இப்படிக் கேட்டது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரியவர் போய்விட்டாலும் அந்தக் கேட்டின் தூணில் அம்மா அவரைத்தான் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலின் ஜூனியர் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். அம்மாவின் அந்தக் கும்பிடை மட்டும் இரண்டாவது தடவை ஓட்டிக் காட்டினார்கள், நீதிபதிக்குச் சரியாகத் தெரியவில்லையாம். அப்போதுதான் நான் வராண்டாவுக்கு ஓடினேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது அம்மா கூண்டில் ஏறியிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் நரைத்த மனிதர், தேன் ஒழுகப் பேசினார்.

"பெரியவர் நல்ல மனுஷர்தானேம்மா?"

"நல்லவருதான்."

"பொங்கலுக்குப் புடவை எடுத்துக் குடுப்பாரா?"

"குடுப்பாரு."

"ஒடம்பு சரியில்லன்னா பணம் குடுத்திருக்காரா?"

"குடுத்துகீறாரு."

"தோப்பு வழியா போகும்போது அவரு நின்னா, 'போய்ட்டு வரேன்'னு சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"ஒவ்வொரு தடவையும்?"

"நிக்கறப்பல்லாம் சொல்லுவேன்."

"அவரு இன்னா சொல்லுவாரு?"

"'போய்ட்டு வா'ம்பாரு."

வக்கீல் நீதிபதியைப் பார்த்துத் திரும்பினார். "சாட்சியே ஒப்புக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார், ஒவ்வொரு முறையும் நில உரிமையாளர் அனுமதி தந்திருக்கிறார்."

எனக்கு முதலில் காதில் விழுந்தது சரியா என்று சந்தேகமாக இருந்தது. கிளம்பும்போது எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற சொல். லேபில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்கூட என்னிடம் சொல்கிறார்கள். அதை அனுமதி மனு ஆக்கிவிட்டார்கள். அந்த வக்கீலும் காலையில் அவருடைய மனைவியிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பார்.

அம்மாவுக்கு என்ன நடக்கிறது என்று மெதுவாகத்தான் புரிந்தது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லங்க. நான் வளக்குற கோயிக்கும் சொல்லிட்டுதான் வூட்ட வுட்டு வருவேன். கோயி இன்னா எனக்கு ஆர்டர் போட்டுச்சா?"

யாரோ சிரித்தார்கள். வக்கீலும் சிரித்துவிட்டு, "பெரியவர் ஒரு நாளாவது போகக்கூடாதுன்னு சொன்னதுண்டா? இல்லையே? ஏன்னா அவரு இரக்கப்பட்டு..." என்று ஆரம்பித்தார்.

"சொன்னாரு."

"என்ன?"

"ஒரு நாளு சொன்னாரு. எங்க வூட்டுக்காரு செத்த அன்னிக்கி."

எங்கள் வக்கீலுக்கே அது தெரியாது. எனக்கும்தான். எங்கள் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

அப்பா செத்தபோது நான் மூன்றாம் வகுப்பு. கல்லறைக்குச் சாலையைத் தாண்டிப் போக வேண்டும். எனக்கு நினைவில் இருந்தது ஒரே ஒரு காட்சி: தோப்பு வழியில் பாடையின் பின்னால் நான் நடக்கிறேன், பெரியவர் ஒரு மரத்தடியில் தோளில் துண்டில்லாமல் நிற்கிறார். அப்பாவுக்கு மரியாதை கொடுத்து நிற்கிறார் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர் மேல் எனக்கு ஒரு நன்றிகூட இருந்தது. கல்லூரியில் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன், எல்லா நிலத்துக்காரர்களும் ஒரே மாதிரி இல்லை என்று.

அம்மா சொன்னது வேறு. "தோப்புல பொணம் வரக்கூடாது, ஏரிக்கர வழியா தூக்கிகினு போங்கன்னாரு. துண்ட எடுத்து குறுக்கால நீட்டி மறிச்சாரு. அன்னிக்கி நல்ல மழ, ஏரிக்கரயில எறங்கினா ஆளு முழுகிப்பூடும். எங்க ஆளுங்க பாடைய எறக்கல. நாங்க எப்பவும் போற வழி இது, பொணமும் இதுலதான் போவும்னு சொல்லிட்டு நேரா நடந்தாங்க. அவுரு ஒதுங்கி நின்னாரு. அவ்ளோதான். மறுநாளும் போனோம். அதுக்கு மறுநாளும் போனோம்."

"இதையெல்லாம் இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லாம, இன்னைக்கு வந்து சொல்றீங்களே?"

"எம்பொண்ணு அந்த வழியிலதான் ஸ்கூலுக்குப் போவணும். இத மனசுல வெச்சுகினு அவ எப்டி நடப்பா?"

நான் எழுந்து நிற்காமல் இருக்க பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. என்னுடைய எட்டு வயது நன்றியை நினைத்து நாக்கில் ஏதோ கசந்துகொண்டே இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு நிமிடம்தான் தடுமாறினார். பிறகு அதே தேன் குரலில், "அப்போ சண்டை போட்டு, மறிச்சவரைத் தள்ளிட்டுப் போயிருக்கீங்க. அமைதியா அனுபவிக்கல" என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை நாங்கள் கும்பிட்டுக் கேட்டு, இரக்கத்தால் நடந்தவர்கள். இப்போது ரவுடிகள்.

நீதிபதி முதல்முறையாகக் குறுக்கிட்டார். "கவுன்சல், அனுமதியோட போனாங்களா, எதிர்ப்பை மீறிப் போனாங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"மாற்று வாதமா ரெண்டையும் வைக்கிறோம், யுவர் ஆனர்."

வாதம் என்றால் அப்படியும் வைக்கலாமாம். எங்கள் வக்கீல் பிறகு விளக்கினார், அதில் தப்பே இல்லை என்று. எனக்கு அது விளங்கியது, ஆனால் குமட்டல் நிற்கவில்லை.

அம்மா சொன்னதை யார் உறுதி செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. பாடை தூக்கியவர்களில் பெரும்பாலோர் இப்போது உயிரோடு இல்லை. தோப்புக்காரர் தரப்புச் சாட்சியாகச் சித்தப்பாவைக் கொண்டுவந்தார்கள். நீலச் சட்டையிலேயே வந்திருந்தார். பைபிள் மேல் கை வைத்தார். பழைய காலத்திலிருந்தே எல்லோரும் பெரியவரைக் கேட்டுத்தான் போவார்கள் என்று, மனப்பாடம் செய்த பையன் மாதிரி, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவரை அப்படிப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. கோபம்கூட வரவில்லை.

எங்கள் வக்கீல் எழுந்தார். வழக்குக் கட்டைப் புரட்டினார். பிறகு, "முதல் வாதியோட கணவர் உங்களுக்கு என்ன உறவு?" என்றார். அண்ணன் முறை. அவர் சாவுக்குப் போனீர்களா? போனேன். பாடை தூக்கினீர்களா?

சித்தப்பா நீலச் சட்டையின் பொத்தானைத் திருகினார்.

"ஆணையிட்டிருக்கீங்க. பாடை தூக்கினீங்களா?"

"தூக்கினேன்."

"எந்தப் பக்கம்?"

"முன்னாடி. வலது கை பக்கம்."

"தோப்பு வழியில யாராவது மறிச்சாங்களா?"

எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி பதில் சொல்லச் சொன்னார். சித்தப்பா தோப்புக்காரரைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார்.

"பெரியவரு மறிச்சாரு. நான்தான் நிக்காதீங்கடான்னு சொன்னேன். எங்க அண்ணன சேத்துல எறக்க மாட்டேன்னு சொன்னேன். யாரையும் கேக்கல. அன்னிக்கி மட்டுமில்ல, என்னிக்கும் கேக்கல. இந்த கேட்டு வந்தப்புறம்தான் கேக்க வெச்சாங்க. கேக்க வெச்சவனே நான்தான்."

மறுநாள் காலையில் அவருக்கு வேலை இல்லை. இப்போது மதுராந்தகம் பக்கம் எங்கோ செங்கல் லோடு ஏற்றுகிறார் என்று கேள்வி.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. காலனிக்காரர்கள் தலைமுறையாக, வெளிப்படையாக, உரிமை என்று நடந்திருக்கிறார்கள். ஒரே ஒரு நாள் வாயால் சொன்ன ஆட்சேபம் தடை ஆகாது, ஏனென்றால் யாரும் நடப்பதை நிறுத்தவில்லை. விடைபெறும் சொல் அனுமதி கேட்பதாகாது. கேட்டை வைத்தபின் கட்டாயத்தால் கேட்டது முன்பே முதிர்ந்த உரிமையைக் கெடுக்காது. கேட்டை அகற்ற வேண்டும். அந்த வரியை வக்கீல் படித்தபோது அம்மா, "சரி, வூட்டுக்குப் போலாமா?" என்றார்.

ஆனால் அதற்குப் பிறகும் ஒரு பத்தி இருந்தது. இந்த வழியில் நடந்து போகலாம், சைக்கிளும் இரு சக்கர வண்டியும் ஓட்டலாம். கார், ஆட்டோ, வேன் எதற்கும் உரிமை இல்லை.

"ஏன் மேடம்?"

"எந்த அளவுக்குப் பழகினீங்களோ அந்த அளவுக்குத்தான் உரிமை. அந்த இருபது வருஷத்துல காலனியில யார்கிட்டயாவது கார் இருந்துச்சா?"

இல்லை. எங்களிடம் கார் இருந்ததில்லை. அதனால் எங்களுக்குக் கார் போகிற உரிமை வளரவில்லை. வறுமையை அளந்து, அதே அளவில் வழியை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சட்டப்படி சரி. தவறு என்று என்னால் வாதாட முடியாது. ரயிலில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன், உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

தோப்புக்காரர் மேல்முறையீடு செய்தார். கேட்டைக் கழற்றிவிட்டார், ஏனென்றால் அவருக்கு இன்னொரு யோசனை வந்திருந்தது. கெஸ்ட் ஹவுஸின் கழிவுத் தொட்டிக் குழாயை வழியின் பக்கம் திருப்பிவிட்டார். சமையலறைக் குப்பையையும் அங்கேயே கொட்டச் சொன்னார். இறால் ஓடு, மீன் குடல், கோழி இறகு, பீர் பாட்டில், அதன் மேல் கறுப்பாக ஒழுகுகிற தண்ணீர். என் நிலம், நடக்கத்தான் உங்களுக்கு உரிமை, நடங்களேன் என்றாராம். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோம். மலத்தில் புழுமுட்டை தேடுகிற வேலை செய்கிறவள் நான். அந்த வழியில் வெறும் காலோடு பள்ளிக்குப் போன பிள்ளைகளைப் பார்த்தபோது அது வேறு விதமாக இருந்தது. இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு வயிற்றுப்போக்கு. அம்மா வக்கீலுக்கு ஃபோன் போட்டு, "நாறுதுன்னு நடக்காம இருந்தா வழி போயிடுமா?" என்று கேட்டார். இருபது வருஷம் தொடர்ந்து யாருமே நடக்காமல் இருந்தால்தான் போகும் என்றார் அவர். "அத்தினி நாளு நாறிகினே இருந்தா நானே போயிடுவேன்" என்று அம்மா போனை வைத்தார்.

ஊராட்சியில் மனு கொடுத்தோம். பார்க்கிறோம் என்றார்கள். வக்கீல் புது வழக்குக்குத் தயார் செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து காலனிப் பெண்கள் கூடையும் மண்வெட்டியும் எடுத்தார்கள். வழக்கில் சேராமல் ஒதுங்கியிருந்த வீட்டுப் பெண்களும் வந்தார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கும்தான் வயிறு போனது. கையில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, வழியில் கிடந்ததையெல்லாம் வாரினோம். நானும் வாரினேன். அம்மா முன்னால் நடந்தார். கெஸ்ட் ஹவுஸின் முன்வாசலில், விருந்தாளிகள் நாஸ்தா சாப்பிடுகிற கூடத்துக்கு நேர் எதிரில், சாலை ஓரமாக ஒவ்வொரு கூடையாகக் கவிழ்த்தோம். உள்ளே கால் வைக்கவில்லை, வக்கீல் அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து ஓடினாள். ஒருவர் ஃபோனில் படம் எடுத்தார். தோப்புக்காரர் கையில் காபிக் கோப்பையோடு வெளியே வந்தார்.

"இன்னாம்மா இது அநாகரிகமா?" என்றார்.

"உன் வூட்டுதுதான். எடுத்துக்கோ" என்றார் அம்மா. அவரை ஒருமையில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

போலீஸ் வந்தது. வந்த அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு குழாயைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், இரண்டு பக்கமும் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அறைகள் காலியாகின. அந்த வாரமே வழியிலிருந்த குழாய் போய்விட்டது. வருஷக் கணக்கில் கோர்ட்டுக்கு நடந்து வாங்கிய தீர்ப்பைவிட ஒரு காலை நேரத்து நாற்றம் சீக்கிரம் வேலை செய்ததில் எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை. நகக்கண்ணிலிருந்து அந்த வாடை போக நாளாயிற்று. லேபில் கையுறையைக் கழற்றும்போதெல்லாம் முகர்ந்து பார்த்தேன்.

மேல்முறையீடு இன்னும் நடக்கிறது. வழி உலர்ந்து, இறுகி, பழையபடி ஆகிவருகிறது. அம்மா அதில்தான் சபைக்குப் போகிறார்.

குழாயை அவர் மூடவில்லை, திருப்பித்தான் விட்டிருக்கிறார் என்று போன மாதம் தெரிந்தது. இப்போது அது ஏரிக்குப் போகிற கால்வாயில் விழுகிறது. அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற, தோப்புக்குத் தெற்கே இருக்கிற காலனிக்காரர்கள் இரண்டு பேர் அம்மா வீட்டுக்கு வந்து, எங்கள் வக்கீலின் நம்பரைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒரு டப்பாவில் அந்தத் தண்ணீரைப் பிடித்து லேபுக்குக் கொண்டு வரச் சொன்னேன்.